சாவி கொடுத்தாச்சு, அட்வான்ஸ் எங்கே?

கேள்வி: அக்கா, 3 வருஷம் 10 மாசம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து 47 நாள் ஆகிறது. சாவியை வீட்டுக்காரரின் மைத்துனரிடம் கொடுத்தேன். இப்போது, “பெயிண்ட், கிளீனிங், சில்லறை ரிப்பேர் எல்லாம் போக அட்வான்ஸில் 40 சதவீதம் தருகிறேன்” என்கிறார். என்ன ரிப்பேர் என்று கேட்டால் நேரில் வந்து பார்க்கச் சொல்கிறார். வருகிறேன் என்றால் வெளியூரில் இருக்கிறேன் என்கிறார். காலி செய்யும்போது நான் போட்டோ எதுவும் எடுக்கவில்லை. மீதிப் பணத்தை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில்: மறக்க வேண்டாம் தம்பி. நான் 9 வீடுகளில் வாடகைக்கு இருந்தவள். இப்போது 6 வருஷமாக எங்கள் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துப் புலம்பலும் எனக்கு அத்துப்படி. அதனால் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்காரர் பேச்சில் ஓட்டை இருப்பது அந்த ‘40 சதவீதம்’ என்ற இடத்தில்தான். எந்தப் பிளம்பரும் சதவீதத்தில் பில் போடுவதில்லை. என்னென்ன செலவு என்று கணக்குப் பார்த்தவர் வாயிலிருந்து இப்படி உருண்டையாக ஓர் எண் வராது.

இதுவரை நீங்கள் “எப்போது தருவீர்கள்” என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதற்கு “அடுத்த வாரம்” என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. இனிமேல் பட்டியல் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில். “இன்ன தேதியில் வீட்டைக் காலி செய்து, உங்கள் மைத்துனரிடம் சாவியை ஒப்படைத்தேன். அட்வான்ஸில் எதெதற்கு எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்ற விவரத்தையும் அதற்கான பில்களையும் இன்ன தேதிக்குள் அனுப்பிவையுங்கள். சர்ச்சை இல்லாத தொகையை இப்போதே அனுப்பிவிடலாம்.” இவ்வளவு போதும். சாவி கொடுத்த விஷயத்தை இதில் கட்டாயம் சேருங்கள். மைத்துனரிடம் கொடுத்ததற்கு வேறு அத்தாட்சி இல்லையென்றாலும், அவர் அதை மறுக்காமல் பதில் போட்டாலே அது உங்களுக்கு ஒரு சாட்சி.

நானே இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் நாலாவது வீட்டைக் காலி செய்தபோது, “சுவரெல்லாம் போச்சு” என்று முக்கால்வாசி அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தோம் தெரியுமா என்று ஒரு மாசம் போனில் மல்லுக்கு நின்றேன். கடைசியில், கணக்கு வேலையில் இருந்த என் நாத்தனார்தான் சொன்னாள்: “அண்ணி, சண்டை போடாதீங்க. கணக்குக் கேளுங்க.” கேட்டேன். துண்டுச்சீட்டில் 5 வரி எழுதி வந்தது. முதல் வரி, சமையலறை ஜன்னல் வலை. அது நாங்கள் குடிவந்த அன்றே கிழிந்திருந்தது. மாற்றித்தரச் சொல்லி நான் அனுப்பிய மெசேஜும் போனில் இருந்தது. மூன்றாவது வரி, ஃபேன் ரெகுலேட்டர். அதை உடைத்தது என் பையன். “அது எங்கள் செலவு, பிடித்துக்கொள்ளுங்கள்” என்று உடனே எழுதிவிட்டேன். அப்புறம் அவர் பேச்சே மாறிவிட்டது. மீதி வரிகளை உட்கார்ந்து பேச முடிந்தது. முழுசாக வரவில்லை, ஆனால் பெரும்பகுதி வந்தது.

பட்டியல் வந்ததும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: இது குடியிருந்ததால் வந்த தேய்மானமா, நாம் செய்த சேதமா? பீரோவை நகர்த்தியதும் அதன் பின்னால் சுவர் பளிச்சென்று சதுரமாகத் தெரிகிறதே, அது தேய்மானம். வெயில் படும் பக்கம் பெயிண்ட் வெளுப்பது, குழாயின் வாஷர் போவது, வெள்ளை சுவிட்சு மஞ்சளாவது எல்லாம் அந்தக் கணக்குதான். யார் குடியிருந்தாலும் நடந்திருக்கும். சிங்க் ஓரம் உடைந்திருந்தாலோ, ஷெல்ஃப் மாட்டுவதற்கு டிரில் போட்டுப் பூச்சு பெயர்ந்திருந்தாலோ, அடுப்புக்குப் பின்சுவரில் துடைக்காமல் விட்ட பிசுக்கு கெட்டியாகியிருந்தாலோ அது நம் தலையில்தான். குளியலறைக் கதவுதான் பெரிய வில்லங்கம். அடிப்பக்கம் ஊறி உப்பியிருக்கும். “தண்ணீரை அடித்து ஊற்றினீர்கள்” என்பார்கள். தரை வாட்டம் சரியில்லாமல் தண்ணீர் கதவுப் பக்கம் தேங்கினால் அது கட்டடத்தின் கோளாறு. தண்ணீர் தேங்குவதைக் குடியிருந்த காலத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறீர்களா என்று பழைய மெசேஜ்களைத் தேடுங்கள். சுவரில் ஈரக்கறை மேலிருந்து இறங்கியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் வராது.

பெயிண்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூச்சு 5 வருஷம் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் குடிவரும்போது புதுசாக அடித்திருந்தாலும், ஏறக்குறைய 4 வருஷம் ஓடிவிட்டது. நீங்களே சுவரைக் கெடுத்திருந்தாலும், அந்தப் பூச்சில் மிச்சமிருந்த ஆயுள் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கைக் கேட்டால் நியாயம். பழைய பெயிண்டுக்குப் புதுப் பெயிண்டின் முழு விலையையும் வாங்குவது, ஓடித் தேய்ந்த டயருக்குப் புது டயர் கேட்பது மாதிரி. நான் வீட்டுக்காரியாகவும் இதைத்தான் கடைப்பிடிக்கிறேன், வயிறு எரிந்தாலும்.

போட்டோ இல்லை என்கிறீர்கள். இருக்கும், தேடுங்கள். பிறந்தநாள், விருந்தாளிகள் வந்த நாள், பிள்ளை முதல் தடவை நின்ற நாள் என்று எடுத்த படங்களில் எல்லாம் பின்னால் நிற்பது அந்த வீட்டுச் சுவர்தானே. கடைசி ஆறு மாசத்தில் எடுத்த படங்களைத் தனியாக எடுத்து வையுங்கள். போனில் உள்ள மூலப்படத்தையே வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த தேதி நேர விவரம் படத்திலிருந்து கழன்றுவிடும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடிக்க வேண்டியது போக மீதியைத் தரச் சொல்கிறது. கலிபோர்னியாவில் 21 நாள் கெடு, பிடித்தம் இருந்தால் பட்டியலும் தர வேண்டும். இங்கிலாந்தில் 2007-லிருந்து பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்கு, அட்வான்ஸை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதிய வேண்டும். தகராறு வந்தால் அங்கேயே இலவசமாகத் தீர்த்துக்கொள்ளவும் வழி உண்டு. ஜெர்மனியில் அட்வான்ஸ் 3 மாத வாடகைக்கு மேல் கூடாது, அதையும் வீட்டுக்காரர் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வைக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் சேதத்துக்கென்று அட்வான்ஸ் வாங்கவே கூடாது. நீங்கள் எங்கே இருந்தீர்களோ, அந்த இடத்துச் சட்டத்தின் கெடு நாளைப் பார்த்து அதை மெசேஜில் ஒரு வரி சேருங்கள். “கோர்ட்டுக்குப் போவேன்” என்று இப்போதே மிரட்ட வேண்டாம். மெசேஜில் நீங்கள் குறித்த தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால், அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும் தபாலில் இதையே அனுப்புங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். அதற்கு ஆகும் செலவையும் வர வேண்டிய பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரமாட்டார் என்று முன்பு குடியிருந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். கடைசி 2 மாச வாடகையைக் கொடுக்காமல், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிடலாமா?

பதில்: அவர் சம்மதித்து எழுத்தில் சொன்னால் தாராளமாக. நிறையப் பேர் சம்மதிக்கத்தான் செய்கிறார்கள், அவர்களுக்கும் கையிலிருந்து பணம் எடுக்கிற வேலை மிச்சம். சம்மதம் இல்லாமல் நீங்களாக நிறுத்தினால் அது வாடகை பாக்கி. பணம் வர வேண்டியவராக இருந்த நீங்கள் பணம் தர வேண்டியவராக ஆகிவிடுவீர்கள். எங்கள் மாடியில் இருந்த ஒருவர் அப்படிச் செய்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சாதாரணமாக என் கண்ணில் படாத 3 கீறல் அன்றைக்குப் பட்டது.

அதற்குப் பதில், காலி செய்ய 10 நாள் இருக்கும்போது, “ஒரு தடவை வந்து பாருங்கள், ஏதாவது சரிசெய்ய வேண்டுமானால் நாங்களே செய்துவிடுகிறோம்” என்று அழையுங்கள். அவர் ஆள் வைத்துச் செய்தால் ஆகிற செலவும் நீங்கள் செய்தால் ஆகிற செலவும் ஒன்றல்ல. ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிடுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே பெயிண்ட் தொடாதீர்கள். நிறம் ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஓட்டையை விட அதுதான் கண்ணை உறுத்தும்.

சாமான் ஏற்றிய பிறகு, வாசலில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். லைட்டைப் போட்டு, குழாயைத் திறந்து, ஃப்ளஷ் பண்ணி, ஜன்னலைச் சாத்தித் திறந்து. மின்மீட்டரில் மீட்டர் எண்ணும் ரீடிங்கும் ஒரே படத்தில் விழ வேண்டும். பிறகு ஒரு தாளில் தேதி, ரீடிங், எத்தனை சாவி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். “நமக்குள் எதற்கு இதெல்லாம்” என்பார். “சும்மா ஒரு ஞாபகத்துக்கு” என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் 4 பேர் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் ஒரு நண்பன் பெயரில் மட்டும். நான் இப்போது பாதியில் விலகுகிறேன். என் பங்கு அட்வான்ஸை வீட்டுக்காரரிடம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், தரமாட்டார். ஒப்பந்தத்தில் உங்கள் பெயரே இல்லை, வீடும் இன்னும் காலியாகவில்லை. உங்கள் இடத்துக்குப் புதிதாக வருகிறவர் உங்கள் பங்கை உங்களிடம் கொடுத்துவிட்டு உள்ளே வருவதுதான் வழக்கமான வழி. அப்படி வரும் அன்று, உங்கள் அறையில் என்னென்ன பழுது இருக்கிறது என்று புதியவரும் நீங்களும் மற்ற மூவரும் சேர்ந்து பார்த்து, குழுவில் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். இல்லையென்றால், இரண்டு வருஷம் கழித்து அவர் உடைக்கும் கண்ணாடிக்கு உங்களைக் கூப்பிடுவார்கள். பணம் அவரிடமிருந்து வரும்போது குறிப்பில் ‘வீட்டு அட்வான்ஸ் பங்கு’ என்று போடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் எல்லோரும் சிரிக்கிற பொம்மைதான் போடுகிறார்கள்.