வில்லியம்ஸ்பர்க் பயணம்: 149 டாலர் சலுகையை எடுக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து ஜூன் கடைசியில் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்குக்கு இரண்டு இரவுப் பயணமாகப் போகிறோம். நான், கணவர், 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள், கோவையிலிருந்து வந்திருக்கும் மாமியார். அவருக்கு முழங்கால் வலி. "இரண்டு இரவு ஹோட்டல், நான்கு டிக்கெட், எல்லாம் சேர்த்து 149 டாலர், காலையில் 90 நிமிடக் கூட்டம் ஒன்றுக்கு வந்தால் போதும்" என்று போனில் சொல்கிறார்கள். எடுக்கலாமா? மாமியாருக்கு டிக்கெட் வாங்கினால் வீணாகிவிடுமா?

பதில்: எடுக்காதீர்கள். அது டைம்ஷேர் விற்கும் கூட்டம். வருடத்தில் ஒரு வாரம் ஒரு விடுதியில் தங்கும் உரிமையை ஆயிரக்கணக்கான டாலருக்கு உங்கள் தலையில் கட்டுவதற்காகத்தான் டிக்கெட்டைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள்.

உங்கள் கையில் இருப்பது சனி, ஞாயிறு இரண்டே பகல். நீங்கள் பார்க்கப் போவது பழைய நகரம், அதாவது 18ஆம் நூற்றாண்டில் இருந்தபடியே ஓர் அறக்கட்டளை காட்சிக்கு வைத்து நடத்தும் பகுதி. அதன் கட்டடங்களும், அந்தக் காலக் கைத்தொழிலைச் செய்து காட்டும் பட்டறைகளும் பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரைதான். 90 நிமிடம் என்பது பேச்சுக்குத்தான். முதலில் ஒருவர் காபி கொடுத்து, குடும்பத்தை விசாரித்து, மாதிரி வீட்டைச் சுற்றிக் காட்டுவார். பிறகு விலைத்தாள் வரும். வேண்டாம் என்றால் "மேனேஜர்" வருவார், விலை பாதியாகும், "இன்று மட்டும்" என்பார். அதையும் தாண்டி வெளியே வந்தால் வாசல் மேஜையில் இன்னொருவர் சின்னத் திட்டம் ஒன்றோடு உட்கார்ந்திருப்பார். மூன்று, நான்கு மணி நேரம் போய்விடும். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது நிபந்தனையாகவே இருக்கும். ஒருவர் மட்டும் வந்தால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்துவிடலாம் அல்லவா? பாதியில் கிளம்பினால் ஹோட்டலின் முழு வாடகையையும் உங்கள் கார்டில் பிடிப்பார்கள். அந்த வரி ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

போனை வைத்துவிட்டாலும் தொல்லை தீராது. ஹோட்டல் லாபியிலும் ரிச்மண்ட் ரோடு ஓரத்திலும் "சுற்றுலாத் தகவல்", "தள்ளுபடி டிக்கெட்" என்று பலகை வைத்த மேஜைகள் இருக்கும். அரசு அலுவலகம் போலவே தோன்றும், அத்தனையும் இதே வியாபாரம். இப்படிப் பெயர் வைக்க ஏன் விட்டு வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டிக்கெட்டைப் பழைய நகரத்தை நடத்தும் அறக்கட்டளையின் இணையதளத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் விசிட்டர் சென்டர் கவுண்டரில் வாங்குங்கள். வண்டியையும் அங்கேயே நிறுத்திவிட்டு ஷட்டில் பேருந்தில் ஏறலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் பலர் தேவையில்லாமல் பணத்தைக் கொட்டுகிறார்கள். பழைய நகரத்துக்குச் சுற்றுச்சுவரோ நுழைவாயிலோ கிடையாது. நடுவில் ஓடும் டியூக் ஆஃப் க்ளஸ்டர் தெரு பொதுத் தெரு. ஏறக்குறைய ஒரு மைல் நீளம், பகலில் கார் வராது. அதில் நடக்க யாருக்கும் டிக்கெட் வேண்டாம். கடைகளுக்குள் போகவும், உணவகத்தில் சாப்பிடவும் டிக்கெட் தேவையில்லை. குழலும் முரசும் முழங்க அணிவகுப்பு வரும்போது ஓரமாக நின்று பார்க்கவும் தேவையில்லை. இன்றும் வழிபாடு நடக்கும் 1715ஆம் ஆண்டு புரூட்டன் பாரிஷ் தேவாலயத்தைப் பார்க்கவும் டிக்கெட் தேவையில்லை. டிக்கெட் எங்கே வேண்டுமென்றால், கட்டடங்களுக்கு உள்ளே, பட்டறைகளுக்கு உள்ளே, ஆளுநர் மாளிகைக்கும் அதன் தோட்டத்துக்கும், அரங்க நிகழ்ச்சிகளுக்கு. ஆகவே படியேற முடியாத மாமியார் மாளிகைக்கு முன்னால் உள்ள புல்வெளியில் மர நிழலில் உட்கார்ந்து குதிரை வண்டிகளைப் பார்ப்பதற்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. (அந்த வண்டியில் ஏறுவதற்குத் தனிக் கட்டணம்.)

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு அவருக்கும் ஒரு டிக்கெட் வாங்கச் சொல்வேன். ஜூன் கடைசியில் அங்கே சென்னையைப் போல வேர்க்கும். மதியம் 1 மணிக்கு மேல் தெருவில் நிற்க முடியாது. நாசோ தெருவில் இருக்கும் கலை அருங்காட்சியகங்கள்தான் அப்போது புகலிடம்: ஏசி, லிஃப்ட், உட்கார இருக்கை, கழிப்பறை எல்லாம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் கையால் சாயமிட்டு ஏற்றுமதியான பூப்போட்ட பருத்தித் துணிகள் அவர்கள் சேகரிப்பில் இருக்கின்றன. காட்சிக்கு வைத்திருந்தால் அவரை முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.

சக்கர நாற்காலி விசிட்டர் சென்டரில் வாடகைக்குக் கிடைக்கும். நடைபாதையில் தள்ளாதீர்கள். செங்கல் மேடும் பள்ளமுமாக இருக்கும், சக்கரம் சிக்கும், முழங்கால் அதிரும். தெருவின் நடுவே தள்ளுங்கள், குதிரைச் சாணத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளுநர் மாளிகைக்கு 9 மணிக்கே போய்விடுங்கள். 11 மணிக்கு மேல் வரிசை நீளும். அசல் மாளிகை 1781இல் எரிந்துபோனது. இப்போதிருப்பது பழைய அடித்தளத்தின் மேல் கட்டி 1934இல் திறந்தது. நுழைகூடத்துச் சுவர் முழுக்கத் துப்பாக்கியும் வாளும் பதித்திருப்பதைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பின்னால் செடிகளால் ஆன சுற்றுப்பாதைப் புதிர் இருக்கிறது, அரை மணி நேரம் அங்கேயே ஓடும்.

அதன் பிறகு பட்டறைகள். எல்லாப் பட்டறையும் எல்லா நாளும் திறந்திருக்காது. இதைப் பார்க்காமல் போய் ஏமாறுபவர்கள் நிறையப் பேர். முந்தின இரவே அன்றன்றைய அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். மாளிகையை ஒட்டிய சக்கரம் செய்யும் பட்டறைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள், அவருக்கு ஆங்கிலம் தேவைப்படாது. நடுவில் குடம், அதில் ஆரக்கால், வெளியே வட்டை, அதற்கு மேல் இரும்புப் பட்டை: நம் கட்டை வண்டிச் சக்கரமேதான். பட்டையைச் சக்கரச் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்டி வளைத்துப் பற்றவைப்பார்கள். நெருப்பில் போட்டால் அது விரியும். விரிந்தபடியே மாட்டித் தண்ணீர் ஊற்றினால் சுருங்கி, ஆரக்கால் மூட்டுகளையெல்லாம் இறுக்கிப் பிடிக்கும். பட்டை குறைய வேண்டிய அளவு குறையாவிட்டால் சக்கரம் தளர்ந்து ஆடும், அதிகம் குறைந்தால் ஆரக்கால் வளைந்துவிடும். கொல்லன் பட்டறையில் தோல் துருத்தியும் இருக்கும். "இது எதுக்கு பாட்டி?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்க விடுங்கள்.

7 வயதுக்காரருக்கு என் முதல் சிபாரிசு செங்கல் களம். கோடையில் பிள்ளைகளை வெறுங்காலோடு களிமண் மிதிக்க விடுவார்கள். மாற்று உடையும் ஒரு துண்டும் பையில் இருக்கட்டும்.

11 வயதுப் பிள்ளைக்கு இன்னொன்று. 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராக இருந்த இந்த ஊரில், அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள். அழகான தோட்டத்தை மட்டும் காட்டித் திரும்பிவிடாதீர்கள். 1760இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிரே பள்ளியின் கட்டடத்தை 2023இல் அப்படியே பெயர்த்துப் பழைய நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் காட்டுங்கள்.

சாப்பாடு: பழைய பாணி உணவகங்களில் சைவத்துக்கு வழி குறைவு. சூப் சைவம் போலத் தெரிந்தாலும் கோழிச்சாறு சேர்த்ததா என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள். சமையலறை உள்ள அறையாக எடுத்துத் தயிர்சாதம் கட்டிக்கொள்வதுதான் நிம்மதி.

ஜேம்ஸ்டவுனையும் சேர்க்க நினைத்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அங்கே இடம் இரண்டு. 1607இல் ஆங்கிலேயர் குடியேறிய உண்மையான இடம், இன்றும் அகழாய்வு நடப்பது, "ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன்". கப்பல்களை மறுபடி கட்டி வைத்திருப்பது "ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட்". நிர்வாகம் வேறு, டிக்கெட் வேறு. தேசியப் பூங்கா வருடப் பாஸ் முதலாவதில் பாதிக் கட்டணத்துக்குத்தான் உதவும், இரண்டாவதில் செல்லாது, வில்லியம்ஸ்பர்க்கிலும் செல்லாது. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு இப்படி ஒரே பெயரை வைத்து மக்களை அலைக்கழிப்பதை யாரும் சரிசெய்வதாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்குக் கப்பல் போதும். அதுவும் உங்கள் இரண்டு நாளில் வேண்டாம் என்பேன்.

ஒருவேளை இதைப் படிப்பதற்குள் அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்தும் போட்டிருந்தால்: வர்ஜீனியா சட்டப்படி டைம்ஷேர் ஒப்பந்தத்தைக் கையெழுத்திட்டதிலிருந்து 7 நாளுக்குள் ரத்து செய்யலாம். போனில் சொன்னால் எடுபடாது. ஒப்பந்த எண், தேதி, "ரத்து செய்கிறேன்" என்ற ஒரு வரி, இருவர் கையெழுத்து, இவ்வளவுதான் கடிதம். தபால் நிலையத்தில் சான்றிட்ட தபாலாக, பெற்றுக்கொண்ட ஒப்புகைச் சீட்டோடு, ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 7 நாள் தாண்டினால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வரும். அதிலிருந்து "விடுவித்துத் தருகிறோம்", முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று கூப்பிடும் கம்பெனிகளுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.