பிள்ளைகளும் சமூக வலைத்தளங்களும்: வாசகர் கேள்விகள்

மகளின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி மிரட்டுகிறான். பணம் கொடுத்தால் விடுவானா?

விடமாட்டான், அடுத்த வாரம் இன்னும் கேட்பான். பதில் அனுப்பாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள். அவன் பெயர், கணக்கின் லிங்க், அனுப்பிய செய்தி எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டுப் போகாது, அதற்கான அடையாளக் குறியீடு மட்டும்தான் போகும். இது முடியும்வரை மகளை ஒரு வார்த்தை திட்டக்கூடாது.

11 வயது மகனுக்கு இன்ஸ்டாகிராம் தொடங்கிக் கொடுத்தேன். என்ன செட்டிங் வைக்க வேண்டும்?

13 வயதுக்குக் கீழே கணக்கே கிடையாது. அப்படியானால் பிறந்த ஆண்டை மாற்றித்தானே போட்டிருப்பீர்கள்? அதைக் கடிதத்தில் காணோம். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான்.

சரியான வயதோடு 13-க்கு மேல் சேர்ந்தால் அது 'டீன்' கணக்காகும். தானாகவே பிரைவேட்டாக இருக்கும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, 16 வயதுக்குள் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். நீங்கள் 1995 என்று போட்டால் அவன் முப்பது வயது ஆள். ஒரு பாதுகாப்பும் கிடையாது.

ஆனால் முழுப் பழியும் உங்கள் மேல் இல்லை. தட்டுகிற தேதியை அப்படியே நம்புவதாகக் காட்டிக்கொள்ளும் கம்பெனிக்குத்தான் பெரிய பங்கு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கு வைப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால் அபராதம் கம்பெனிக்கு, சுமார் 5 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை. பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. பொறுப்பை வைக்க வேண்டிய இடம் அதுதான். நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது; இவை படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. நீங்களே வயதைக் கூட்டிப் போட்டால் அந்தச் சட்டம் எப்படி உதவும்? இன்றே கணக்கை மூடுங்கள்.

மாணவி என்னிடம் வந்து ஒருவன் ஆன்லைனில் தொல்லை கொடுப்பதாக அழுதாள். பள்ளிப் பெயர் கெடும், பேசித் தீர்க்கலாம் என்கிறார் தலைமையாசிரியர்.

பாலியல் தொல்லை என்றால் பேசித் தீர்க்க உங்கள் இருவருக்கும் உரிமை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழையுங்கள். மாணவியின் போனில் இருப்பதை அழிக்கச் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு குழந்தையின் ஆபாச வீடியோவை எச்சரிக்கைக்காகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். தப்பா?

குற்றம். குழந்தையின் ஆபாசப் படத்தை என்ன நோக்கத்தில் பகிர்ந்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பாயும், முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். இன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

16 வயது மகளின் பாஸ்வேர்டை வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். இன்னொரு கணக்கு தொடங்கிவிடுவாள், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அவள் சம்மதத்தோடு இன்ஸ்டாகிராமின் பெற்றோர் கண்காணிப்பை இணையுங்கள். கடந்த 7 நாளில் யாரோடு பேசினாள் என்று தெரியும், என்ன பேசினாள் என்று தெரியாது. அவ்வளவு போதும்.

மகன் போனில் ஏதோ பிரச்சினை. உடனே பதில் தேவை.

எந்த ஆப், என்ன நடந்தது, மகனுக்கு என்ன வயது? மூன்றும் இல்லாமல் என்ன சொல்வது? யாராவது மிரட்டுகிறார்கள் என்றால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் 1930-ஐ அழையுங்கள். மற்றது என்றால் விவரமாக எழுதுங்கள், அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.