அண்ணாச்சி, இது வீடியோ எடிட்டிங் வேலை இல்லை

அம்பாசமுத்திரத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. எம்.எஸ்சி., பி.எட். முடித்த பிள்ளை, பள்ளிக்கூடம் வேண்டாம், 'இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைன்' பண்ணப் போறேன்னு சொல்லுதாளே, அது என்ன வேலை? அதற்கு 60,000 ரூபாய் கட்டிச் சான்றிதழ் படிப்பில் சேர்க்கலாமா? பணத்தைக் கடைசியில் பேசுவோம்.

ஆன்லைன் பாடம் என்றதும் கேமராவும் எடிட்டிங்கும்தான் கண்ணில் நிற்கும். அதெல்லாம் பின்னால் வருவது. வகுப்பறையில் ஆசிரியர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார். முழிக்கிறார்கள் என்றால் இன்னொரு தரம் சொல்கிறார். ஆன்லைனில் முகம் கிடையாது. படிக்கிறவர் எங்கே தடுமாறுவார், அப்போது அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைப்பதுதான் இந்த வேலை. பாடத்திட்டம் எழுதிப் பழகிய பி.எட். கைக்கு இது பாதி தெரிந்ததுதான். மீதியைக் கற்க, மகள் முதலில் ஒரு சின்னப் பாடத்தைச் சொந்தமாகச் செய்து முடிக்கட்டும். வேலைக்கு எடுப்பவர்கள் பார்க்கக் கேட்பதும் அதைத்தான்.

தலைப்புக்கு வெகுதூரம் போக வேண்டாம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அப்பளம் போட்டு விற்கும் மகளிர் குழுவுக்கு 'விலை போடுவது எப்படி' என்று 20 நிமிடப் பாடம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, நோக்கத்தை எழுதுவது. "அடக்க விலையைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் உதவாது. புரிந்ததா இல்லையா என்று யார் கண்டது? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் மேகர் 1962-லேயே இதற்கு மூன்று உறுப்பு சொல்லிவிட்டார்: என்ன செய்வார், எந்தச் சூழலில், எவ்வளவு சரியாக. ஆக, "செலவுச் சீட்டும் கால்குலேட்டரும் கொடுத்தால், 10 நிமிடத்துக்குள், ஒரு பாக்கெட்டின் விற்பனை விலையை ரூபாய் பிசகாமல் கணக்கிடுவார்." இந்த ஒரு வரி சரியாக வந்தால் பாடத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது தானே தெரிந்துவிடும். அப்பளத்தின் வரலாறு, ஐயமில்லாமல் வெளியே.

அடுத்தது பாடம் இல்லை, தேர்வு. பலரும் தலைகீழாகச் செய்வது இங்கேதான். பாடத்தை எழுதிவிட்டுக் கடைசியில் அவசரமாக நாலு கேள்வி சேர்ப்பார்கள். அது ஞாபக சக்தியைத்தான் சோதிக்கும். நம் கணக்கைப் பாருங்கள். மாவும் மற்ற சரக்கும் 600 ரூபாய், கூலி 300, உறை 50, ஆட்டோ 50. மொத்தம் 1,000. கிடைப்பது 20 பாக்கெட். அடக்கம் 50 ரூபாய், அதன்மேல் 20 சதவீத லாபம், விலை 60. இப்போது தவறான விடைகளைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. 42 என்பவர் தன் கூலியைச் சேர்க்கவில்லை. 54 என்பவர் உறையையும் ஆட்டோவையும் விட்டுவிட்டார். 50 என்பவர் லாபத்தை மறந்துவிட்டார். ஒவ்வொரு தப்புக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது, 42-ஐத் தொட்டவருக்கு "தவறு, மீண்டும் முயலவும்" என்று காட்டாமல், "நீங்கள் உட்கார்ந்து போட்டதற்குக் கூலி எங்கே?" என்று கேட்க வேண்டும். வகுப்பில் ஆசிரியர் முகம் பார்த்துச் செய்வதை இங்கே செய்வது அந்த ஒரு வரிதான்.

இந்தத் தப்புகள் மேசையில் உட்கார்ந்து யோசித்தால் வராது. குழுவில் கணக்குப் பார்க்கும் அக்காவிடம் போய், "புதுசா வர்றவங்க எங்கே கோட்டை விடுவாங்க?" என்று கேட்க வேண்டும். நிறுவனத்தில் இப்படி விஷயம் தெரிந்தவரை எஸ்.எம்.இ. என்பார்கள். அவர் 80 ஸ்லைடு கொடுத்து எல்லாமே முக்கியம் என்பார். ஒவ்வொன்றுக்கும் "இது தெரியாவிட்டால் என்ன தப்பு நடக்கும்?" என்று கேட்டால் பாதி உதிர்ந்துவிடும்.

பிறகு ஸ்டோரிபோர்டு: திரை எண், திரையில் தெரியும் எழுத்து, குரல், படம், படிப்பவர் செய்ய வேண்டியது என்று ஐந்து பத்தி போட்ட சாதாரண அட்டவணை போதும். ஐந்தாவது பத்தி தொடர்ந்து நாலு திரைக்குக் காலியாக இருந்தால் அது பாடம் இல்லை, பிரசங்கம். திரையில் இருக்கும் வாக்கியத்தையே குரலும் வாசித்தால் கண்ணும் காதும் ஒன்றையொன்று இடிக்கும். திரைக்குப் படமும் ஓரிரு சொல்லும் போதும். ஒரு வீடியோ ஆறு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் படிப்புத் தளத்தின் பாடங்களை வைத்து 2014-இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்வையாளர் பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. தமிழ்ச் சொல் நீளம் என்பதால் ஆங்கிலச் சொற்கணக்கை நம்பாமல், வாய்விட்டு வாசித்துக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்டோரிபோர்டு முடியும்வரை மென்பொருளைத் தொட வேண்டாம். ஆன்லைன் பாடம் தயாரிக்கும் ஆர்ட்டிகுலேட் மென்பொருள் சோதித்துப் பார்க்கக் கொஞ்ச நாள்தான் இலவசம். இன்றே திறந்தால் யோசிப்பதிலேயே அது தீர்ந்துவிடும். பாடத்தை ஏற்றி நடத்தும் தளமான மூடுலும், கேள்வி-பயிற்சி செய்ய உதவும் எச்5பி-யும் திறமூல மென்பொருள்கள், காசு கேட்காதவை. பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், தளத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும், முதலிலிருந்தே யூனிகோடு. பாடத்தை ஸ்கார்ம் (பல பயிற்சித் தளங்களும் ஏற்கும் பொது வடிவம்) கோப்பாக மாற்றும்போது, 'எல்லாத் திரையும் பார்த்தால் முடிந்தது' என்பதா, 'தேர்வில் தேறினால் முடிந்தது' என்பதா என்று தீர்மானிக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால், முழுதும் படித்தவர் பெயருக்கு எதிரேயும் 'முடிக்கவில்லை' என்றே நிற்கும்.

அப்புறம் நாலு பேரிடம் பாடத்தைப் போனில் கொடுத்து, மகளைப் பக்கத்தில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். வாயைத் திறந்து விளக்கினால் சோதனை கெட்டது. எங்கே விரல் நின்றது, எங்கே திரும்பப் பின்னால் போனார்கள் என்று குறித்தால் திருத்த வேண்டிய இடம் தெரியும். இதற்கெல்லாம் ஆறு வாரம் பிடிக்கும்.

வேலை பெரும்பாலும் சென்னை, பெங்களூரு நிறுவனங்களில். வீட்டிலிருந்தே செய்வதும் உண்டு. ஆங்கிலத்தில் பிழையில்லாமல், சுருக்கமாக எழுத வர வேண்டும். அதில் மகள் தயங்கினால், அப்பளப் பாடத்தையே ஆங்கிலத்திலும் ஒரு முறை எழுதட்டும்.

60,000 ரூபாய் விஷயம். மாதிரிப் பாடம் கையில் வந்த பிறகும் மகள் படிப்பில் சேர விரும்பினால், அந்த மையத்தில் நீங்கள் கேளுங்கள்: முடித்து வெளியே வரும்போது இவள் கையில் எத்தனை முழுப் பாடம் இருக்கும், ஒவ்வொரு ஸ்டோரிபோர்டையும் வரி வரியாகத் திருத்தித் தரப்போவது யார்? மென்பொருள் சொல்லித் தருவோம், சான்றிதழ் தருவோம் என்று மட்டும் பதில் வந்தால் பணத்தைக் கட்ட வேண்டாம்.