தீவிர மனநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை உதவுமா?

தங்கைக்கு ஸ்கிசோஃப்ரினியா, மாதவிலக்கு நெருங்கினால் காதில் குரல்கள் அதிகமாகின்றன, ஹார்மோன் கொடுத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் சந்தேகம் வீண் இல்லை. மாதவிலக்கை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்கும் நாட்களில் சில பெண்களுக்கு நோய் கூடத்தான் செய்கிறது. மெல்பர்னில் ஜெயஸ்ரீ குல்கர்னி குழுவினர் 102 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. வழக்கமான மருந்தோடு, ஒரு பிரிவினருக்கு 100 மைக்ரோகிராம் எஸ்ட்ரடியால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை) பட்டையைத் தோலில் ஒட்டி 28 நாள் பார்த்தார்கள். ஒட்டியவர்களுக்கு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்தன. ஆனால் ஈஸ்ட்ரோஜனை நீண்ட நாள் கொடுப்பதென்றால் ரத்தக்கட்டு, மார்பகப் புற்றுநோய் என்று யோசிக்க நிறைய இருக்கிறது. இருக்கும் மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறலாம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள்.

நான் கண்ணால் பார்த்தது தைராய்டு கதை. நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அக்காவுக்கு பைபோலார், அதாவது மனம் ஒரேயடியாகப் பொங்குவதும் சோர்ந்து விழுவதுமாக மாறிமாறி வரும் நோய். அதற்கு ஆறு வருடமாக லித்தியம் மாத்திரை. ஒரு பங்குனியில், பாலக்காட்டு வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவள் ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கம்பளிக்குள் சுருண்டுகொண்டாள். குரல் தடித்துவிட்டது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு" என்று அம்மா அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர் மனச்சோர்வு மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். ஒன்றும் ஆகவில்லை.

வேறு ஊரில் இன்னொரு டாக்டரிடம் போனோம். அவர் சீட்டுக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தைராய்டு நோக்கிட்டு எத்ர நாளாயி?" என்றார். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை! லித்தியம், தைராய்டு சுரப்பி ஹார்மோனை வெளிவிடுவதையே தடுக்கக்கூடியது. ஆரம்பிக்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. லித்தியத்தை நிறுத்தவில்லை, கூடவே தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரையைச் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில் கம்பளி பீரோவுக்குப் போனது.

அதனால் பட்டையைப் பற்றிக் கேட்பதற்கு முன் தங்கைக்கு தைராய்டும், புரோலாக்டின் என்ற பால் சுரக்க வைக்கும் ஹார்மோனும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்துகள் புரோலாக்டினை ஏற்றி மாதவிலக்கையே நிறுத்திவிடுவதுண்டு. எந்த நாளில் குரல் கூடுகிறது என்று காலண்டரில் குறித்துக் கொண்டுபோனால் டாக்டருக்கும் உதவும்.

அக்காவுக்கு இப்போது காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் மாத்திரை. ஆறேகால் வரை டீ கிடையாது. அந்த முக்கால் மணி நேரமும் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவைத் திட்டிக்கொண்டிருப்பாள்.