சமூகப்பணியா, சமூக அறிவியலா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுகிறேன். நீங்கள் எழுதுவதை மகள்தான் போனில் எடுத்துக் கொடுப்பாள். அவள் இந்த வருடம் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்தாள். நல்ல மார்க். பி.எஸ்.டபிள்யூ. என்று சொல்கிற சமூகப்பணிப் படிப்பில்தான் சேருவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். காரணம் கேட்டால் பத்தாம் வகுப்பில் கூடப் படித்த ஒரு பெண்ணைச் சொல்கிறாள். அரைப் பரீட்சை லீவு முடிந்து அந்தப் பெண் பள்ளிக்கு வரவே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு உட்கார்ந்து கொலுசு வேலை செய்கிறாளாம். "ஏன் வரலைன்னு ஒருத்தருமே போய்க் கேக்கலப்பா" என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் மைத்துனர், "ஊருக்கு உழைக்கிறதுக்கு எதுக்கு டிகிரி? ஹிஸ்டரி சேத்து விடுங்க, பி.எட். முடிச்சா சோஷியல் டீச்சர் ஆயிடலாம்" என்கிறார். இரண்டும் 'சோஷியல்'தானே, பி.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு டீச்சர் ஆக முடியாதா? வீடு வீடாகப் போகிற வேலை பெண் பிள்ளைக்குச் சரிப்படுமா? நீங்கள் மலையில் வாத்தியாராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க., அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள க.,

முதலில் நேரான பதில். பி.எஸ்.டபிள்யூ. முடித்து அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஆகலாம் என்று நம்பிச் சேர்க்காதீர்கள். அந்த வேலைக்கு வழி வரலாறு அல்லது புவியியலில் இளங்கலை, அதன் பிறகு பி.எட். முன்பு ஒரு வருடமாக இருந்த பி.எட். 2015 முதல் இரண்டு வருடம். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். 150 மதிப்பெண்ணில் சமூக அறிவியலுக்கு 60. அதில் தேறியவர்களுக்குத் தனியாக ஒரு நியமனத் தேர்வும் உண்டு.

மறுபக்கம் பாருங்கள். சமூகப்பணியில் முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ., எந்தப் பட்டம் வாங்கியவரும் படிக்கலாம். வரலாறு படித்தவருக்கு பி.எட்., எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு கதவும் திறந்திருக்கும். பி.எஸ்.டபிள்யூ. படித்தவருக்கு வகுப்பறைக் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். உங்கள் மைத்துனர் பேச்சில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஊருக்கு உழைக்க டிகிரி எதற்கு என்று கேட்டாரே, அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

சேர்வராயன் மலையில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் சமூக அறிவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன், வரைபடம் வரைவதில் கெட்டிக்காரன். தமிழ்நாட்டு ஆறுகளைப் புத்தகம் பார்க்காமல் போடுவான். டிசம்பர் மாதம் அவன் வருவது நின்றது. காபிப் பழம் பறிக்கிற காலம் அது. வீட்டோடு பறிப்புக்குப் போயிருப்பான், மலையில் இது வழக்கம்தானே என்று நான் நினைத்துக்கொண்டேன். வருகைப் பதிவேட்டில் மூன்று வாரம் 'வரவில்லை' என்று போட்டேன். ஆள் அனுப்பிக் கேட்டேன், காய்ச்சல் என்றார்கள். அத்துடன் என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் கீழேயிருந்து ஒரு கல்லூரி மாணவி களப்பணிக்காக எங்கள் பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் வருவாள். சமூகப்பணி இரண்டாம் ஆண்டு, பத்தொன்பது வயது இருக்கும். காலையில் அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறி வருகிற பெண். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவள், "சார், இந்தப் பையன் வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டாள். நானும் கூடப் போனேன்.

சாணம் மெழுகிய வாசல் முழுக்கக் காபிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டி மட்டும் இருந்தார். நான் போன வேகத்தில் "பையன் எங்கே, ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை" என்று ஆரம்பித்தேன். பாட்டி எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். அந்தப் பெண் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, "ஆயா, இத எத்தன நாளு காயப் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்து பழத்தைக் கையால் துழாவிவிடத் தொடங்கினாள். அரை மணி நேரம் பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த எஸ்டேட், கிலோவுக்கு என்ன கூலி, மருமகளுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது, மிளகு எப்போது பறிப்பார்கள், இவைதான் பேச்சு. எனக்கு உள்ளுக்குள் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கிளம்புகிற நேரத்தில் பாட்டியே சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு, என் பக்கம் பார்க்காமல்: "தெனமும் எழுப்பி நிக்க வெச்சுக் கேக்கறாங்களாம் கண்ணு. சர்ட்டிபிகேட்டு எங்கன்னு."

கேட்டவன் நான். உதவித்தொகைக்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும். கொண்டுவராதவர்கள் பெயரைக் காலையில் படித்து, எழுந்து நிற்கச் சொல்லி, எப்போது கொண்டுவருவாய் என்று கேட்பேன். பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். கடைசியில் நின்றுகொண்டிருந்தது அவன் ஒருவன்தான். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்குச் சேலத்துக்கு இறங்க வேண்டும். அப்பா இரண்டு தடவை இறங்கியிருக்கிறார். பறிப்புக் காலத்தில் ஒரு நாள் கூலி என்றால் அந்த வீட்டுக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் கூலிக்காரர். தாத்தா பெயர் ஒரு தாளில் ஒரு விதமாகவும் இன்னொரு தாளில் வேறு விதமாகவும் இருந்ததால் இரண்டு தடவையும் திரும்பி வந்திருக்கிறார். அதைப் பையன் வகுப்பில் எப்படிச் சொல்வான்? வராமல் இருப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

அந்தப் பெண்ணிடம் இருந்தது இரக்கம் மட்டும் என்றால் என்னிடமும் இருந்தது. அவளுக்கு ஒரு பயிற்சி இருந்தது. ஒரு வீட்டுக்குள் எப்படிப் போவது, எதை முதலில் கேட்கக் கூடாது, கேட்டதை அன்றிரவே எப்படி எழுதி வைப்பது, யாருக்கு எந்த மனு, எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று ஒருவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். இதற்காகத்தான் 1936-இல் மும்பையில் டாடா அறக்கட்டளை ஒரு சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. 1952-இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் ஒன்றைத் தொடங்கினார். நல்ல மனசு இருந்தால் போதும் என்றால் இந்தப் படிப்புக்கு அவசியமே வந்திருக்காது.

சேலத்துக்காரர்களுக்கு இது புரியாமல் போகக் கூடாது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது நம் மாவட்டத்தில்தான். பெண் குழந்தையைக் கொல்லாதே, இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று சொல்ல வேண்டிய நிலையில் நாம் இருந்தோம். தொட்டிலை அரசு செய்து வைத்துவிடலாம். மூன்றாவதும் பெண் என்று தெரிந்த வீட்டில், மாமியாரும் கணவனும் பேசாமல் உட்கார்ந்திருக்கிற திண்ணையில் போய் உட்கார்ந்து பேசுவதற்கு ஆள் வேண்டும்.

அதற்காக ஆசிரியர் வேலை குறைந்தது என்று நினைக்கிறவன் இல்லை நான். அந்தப் பையன் விஷயத்துக்குப் பிறகு என் பாடமே மாறியது. மாவட்ட நிர்வாகம் என்ற பாடத்தை அதுவரை 'சிறு குறிப்பு வரைக' என்றுதான் நடத்தியிருந்தேன். அதன் பிறகு கோட்டாட்சியருக்கு மனு எழுதுவதிலிருந்து தொடங்கினேன். பிள்ளைகளே அவரவர் வீட்டுத் தாள்களைக் கொண்டுவந்து, பெயர் எங்கே மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் மாவட்டங்களோடு சேர்த்துத்தான் இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. ஈரோடு அதில் இல்லை. அதனால் அந்த மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருக்கிற அதே மக்கள் தங்களையும் சேர்க்கச் சொல்லி வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதை வரைபடத்தில் காட்டிய அன்று வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. வரலாறும் புவியியலும் குடிமையியலும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அந்தக் கோட்டை வரைந்தவன் அந்தப் பையன். பிப்ரவரியில் திரும்பி வந்துவிட்டிருந்தான்.

வருமானம் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மருத்துவமனைகள், மாவட்ட மனநலத் திட்டம், தொண்டு நிறுவனங்கள் என்று இடங்கள் உண்டு. நல்ல இடங்கள் முதுகலை கேட்கும். பல வேலைகள் ஒப்பந்த வேலைகள், சம்பளம் ஆசிரியர் சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது. ஆகவே மூன்று வருடத்தோடு நிறுத்துவதாக நினைக்க வேண்டாம். பி.ஏ., பி.எட். ஐந்து வருடம், பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. ஐந்து வருடம். கணக்கு ஒன்றுதான். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எந்தப் படிப்புக்கும் கிடைக்கும்; சேரும்போதே கல்லூரியில் கேளுங்கள்.

பெண் பிள்ளை வீடு வீடாகப் போவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொறுப்பான கல்லூரித் துறை எந்த மாணவியையும் தனியாக, தெரியாத இடத்துக்கு, இருட்டிய பிறகு அனுப்பாது. ஒரு பள்ளி, ஒரு மருத்துவமனை, ஒரு நிறுவனம் என்று யாராவது ஒருவர் பொறுப்பில்தான் அனுப்பும். அப்படி இல்லாத கல்லூரியில் சேர்க்காதீர்கள், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும்.

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். துறைக்குப் போய், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் களப்பணி நோட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டு விவரம் இல்லாத பக்கம் ஒன்று போதும். 'தாயார் ஒத்துழைக்கவில்லை' என்று மாணவி எழுதியிருப்பாள். பக்கத்தில் சிவப்பு மையில் வெறும் டிக் மட்டும் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். 'நீ போனது எத்தனை மணிக்கு? அவர் அடுப்பு வேலையில் இருந்தாரா?' என்று யாராவது எழுதியிருந்தால், அங்கே பணத்தைக் கட்டுங்கள்.

என் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்கள் மகள் வகுப்பறை வேண்டும் என்று அதில் எங்குமே சொல்லவில்லை, மைத்துனர்தான் சொல்கிறார். அவள் கேட்பது, ஏன் யாரும் போய்க் கேட்கவில்லை என்று. பத்தாம் வகுப்பில் தொடங்கிய கேள்வி பிளஸ் டூ முடித்தும் அவளை விடவில்லை என்றால் அவள் பி.எஸ்.டபிள்யூ.வுக்கே போகட்டும். பதினெட்டு வயதில் மூன்று வருடக் களம் கிடைப்பது பெரிய விஷயம். எனக்கு அது கிடைத்திருந்தால் அந்தப் பையன் அத்தனை நாள் நின்றிருக்க மாட்டான். ஆனால் ஆசிரியர் வழி அடைபடும் என்பதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தெரிந்து முடிவு செய்யட்டும்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைப் பெண் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அந்த அறிவிப்பைத் தவறவிடக் கூடாது. உங்கள் மகள் ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும், நீங்களும் துணைக்குப் போங்கள். முதல் நாளே தேர்வைப் பற்றிப் பேச வேண்டாம், கொலுசு கோப்பதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தால் போதும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள். அடுத்த கடிதம் அவள் கைப்பட வரட்டும்.

அன்புடன்.