பயங்கரவாதத்தைத் தடுக்க அரசு பேச்சுவார்த்தை நடத்துவது என்றால் என்ன?

ஆயுதம் எடுத்தவர்களோடும், அவர்கள் பக்கம் சாயக்கூடிய மக்களோடும் அரசு பேசி, குறைகளைக் கேட்டு, வன்முறையற்ற வழியைத் திறந்துவைப்பதே இது. காவல் துறை வேலைக்கு இது மாற்றல்ல, துணை.

குண்டு வைப்பவர்கள் சிலர்தான். அடைக்கலமும் பணமும் மௌனமும் தருபவர்கள் பலர். அந்தப் பலரை விலக்கவே பேச்சு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த்தில் இரு வீட்டாருக்கு வேலித் தகராறு என்று வையுங்கள். சுவரை உயர்த்தினால் கல்லும் உயரமாக வரும். தெருப் பெரியவர் இரு தரப்பையும் உட்காரவைத்துவிட்டால், கல்லெறிபவனை அவன் வீட்டாரே தடுப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1967ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டம் விசாரணையின்றிக் காலவரையற்ற காவலை அனுமதித்தது. எதிர்ப்பு அடங்கவில்லை. (நிறவெறி அரசு யாரையெல்லாம் பயங்கரவாதி என்றது என்பது தனிக் கதை.) 1990இல், நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் மீதான தடை நீங்கியது, அவ்வாண்டு ஆகஸ்டில் அரசோடு செய்த பிரிட்டோரியா உடன்பாட்டின்படி அது ஆயுதப் போராட்டத்தை நிறுத்திவைத்தது. ஆனாலும் நேட்டால் மாகாணம் உட்படப் பல இடங்களில் அரசியல் கொலைகள் தொடர்ந்தன. அதற்காகவே 1991 செப்டம்பரில் தேசிய அமைதி ஒப்பந்தம் வந்தது. அதன்படி அமைந்த உள்ளூர் அமைதிக் குழுக்களில் கட்சிக்காரர்கள், போலீசார், மதத் தலைவர்கள், வணிகர்கள் ஒன்றாக அமர்ந்தார்கள். பெரிய மாநாடுகளைவிட இக்குழுக்களே கவனிக்கத்தக்கவை என்பேன். பேரணி எந்தத் தெரு வழியாகப் போவது என்பதுவரை பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

பேசினாலே குற்றத்தை மன்னித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரிக்கப் பின்னர் வந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், அரசியல் நோக்கத்தோடு செய்ததை முழுமையாக ஒப்புக்கொண்டவர்களுக்கே பொதுமன்னிப்பு அளித்து, பெரும்பாலான மனுக்களை நிராகரித்தது.