மர்ம நபரும் மதமும்

கேள்வி: குண்டு வைத்தவர் முஸ்லிம் என்றால் மட்டும் செய்தித் தலைப்பிலேயே மதம் வந்துவிடுகிறதே, ஏன்?

பதில்: அவசரம் பாதி, பழக்கம் பாதி. 1995-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்து 168 பேர் இறந்தார்கள். 'மத்தியக் கிழக்குத் தீவிரவாதிகளோ?' என்று அன்றே ஊகம் கிளம்பியது. பிடிபட்டவர் டிமோதி மெக்வே. அமெரிக்கர், முன்னாள் ராணுவ வீரர். 2011-இல் நார்வேயிலும் இதே கூத்து. அங்கே 77 பேரைக் கொன்ற பிரெய்விக், முஸ்லிம்களை வெறுத்தவன்!

பல வருடம் தலைப்பு போட்டவன் என்பதால் சொல்கிறேன். 'இஸ்லாமியத் தீவிரவாதி' என்று எழுத என் பேனா தயங்கியதே இல்லை. மற்றவர்கள் 'மர்ம நபர்'தான். மறுநாள் திருத்தமா? உள்பக்கத்தில், ஒரு மூலையில். அதுவும் இடம் மிஞ்சினால்.